காந்தம் கீறாது மாப்ள, மண்ணுதான் கீறும்

மூணு மாசமா இந்தக் கடையில ஈ ஓடிக்கிட்டிருந்தது. தீசிஸ் எழுதுறேன் பேர்வழின்னு லைப்ரரியில போய் உட்கார்ந்து, ஜன்னல் வழியா மழையை வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்தேன். பர்மிங்ஹாம்ல வேடிக்கை பார்க்க மழைக்குப் பஞ்சமே கிடையாது. இன்னிக்கு எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் ஒரு கீறல். மனசுல இல்லீங்க, பெட்ரோல் டேங்க்ல :-)

பைக் ஓட்டாத மக்களும் கொஞ்சம் பொறுமையா படிங்க. ஒரு பொருளைப் பத்திரமா வெச்சுக்கிறதுன்னா என்னங்கிறதுதான் விஷயம். பைக் அதுக்கு ஒரு சாக்கு.

முதல்ல வண்டிக் கதை

2024 ஏப்ரல்ல ஒரு பழைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500 வாங்கினேன். இந்த ஊர்ல அதை ஓட்டுறதுக்கு சி.பி.டி., தியரி, மாட்யூல் ஒண்ணு, மாட்யூல் ரெண்டுன்னு நாலு கண்டம் தாண்டணும். நம்மூர்ல எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கின ஆளு, இங்க கூம்பு வெச்ச மைதானத்துல வியர்த்து விறுவிறுத்துப் போனேன். அது தனிப் பதிவு.

வண்டி கறுப்பு. டேங்க்ல ரெண்டு பக்கமும் தங்கக் கலர்ல மெல்லிசா ஒரு கோடு ஓடும். ஸ்டிக்கர் இல்ல. சென்னை ஃபேக்டரியில ஒரு மனுஷன் தூரிகையைப் பிடிச்சுக் கையால இழுத்த கோடு. ராயல் என்ஃபீல்டு பொறந்தது நான் இருக்கிற இடத்துலேர்ந்து தெற்கே அரை மணி நேரத்துல இருக்கிற ரெட்டிச்ங்கிற ஊர்ல. 1955-ல மெட்ராஸ்ல என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சாங்க. அப்புறம் தாய்வீடு மூடிப்போச்சு, திருவொற்றியூர்ல பிள்ளை மட்டும் வளர்ந்துச்சு. இன்னிக்கு ரெட்டிச்ல பழைய ஃபேக்டரி இருந்த இடத்துல சின்னச் சின்னத் தொழிற்கூடங்கள்தான். சென்னையில செஞ்ச வண்டியை அங்க ஓட்டிக்கிட்டுப் போய், கேட் முன்னாடி நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தேன். பார்க்கிங்ல இருந்த ஒரு வெள்ளைக்காரத் தாத்தா டேங்க் கோட்டை மூக்கு உரசுற தூரத்துல குனிஞ்சு பார்த்துட்டு, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிட்டுப் போனார். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கல. பெருமைதான்.

அப்புறம் பைக் கதை இல்ல, பைக் கதை

டேங்க் மேல ஒட்டி வைக்கிற காந்தப் பை தெரியுமா? பையோட அடியிலயும், ரெண்டு பக்கமும் தொங்குற காது மாதிரியான மடிப்புலயும் காந்தம் தைச்சிருப்பாங்க. டேங்க் இரும்பா இருந்தா அப்படியே கப்புன்னு பிடிச்சுக்கும். பட்டை கட்ட வேண்டாம், கொக்கி மாட்ட வேண்டாம். பெட்ரோல் போடும்போது தூக்கிட்டுப் போட்டுடலாம். மழைக்கோட்டு, தண்ணி பாட்டில், எலுமிச்சம் சாதம் டப்பா எல்லாம் கண் முன்னாடியே இருக்கும். முதுகுல பை மாட்டிக்கிட்டு நூறு கிலோமீட்டர் போய்ப் பார்த்தவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

நானும் ஒண்ணு வாங்கினேன். செப்டம்பர்ல வேல்ஸ் பக்கம் எலான் பள்ளத்தாக்குக்குப் போனேன். பர்மிங்ஹாம் குழாய்ல வர்ற தண்ணி அங்க இருக்கிற அணைகள்லேர்ந்துதான் வருது. 1904-லேர்ந்து, 118 கிலோமீட்டர் தூரம், பம்ப் எதுவும் இல்லாம வெறும் சரிவுலயே ஓடி வருது. தினமும் குடிக்கிற தண்ணியோட அம்மா வீட்டைப் பார்த்துட்டு வரலாமேன்னு ஒரு ஆசை. போயிட்டு வந்து, ராத்திரி பையைத் தூக்கினா...

ரெண்டு மடிப்பும் உட்கார்ந்த இடத்துல, உள்ளங்கை அளவுக்கு டேங்க் மங்கிப் போயிருந்துச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தா ஆயிரம் சின்னச் சின்னக் கீறல். இடது பக்கத்துல ஒரு கீறல் மட்டும் நீளமா, ஆழமா, நேரா தங்கக் கோட்டைக் குறுக்கே வெட்டிட்டுப் போயிருந்துச்சு.

பையைச் செஞ்சவனைத் திட்டினேன். காந்தத்தைத் திட்டினேன். அப்புறம் மாமாவுக்கு போன் போட்டேன்.

மாமா

எங்க தாய்மாமா புதுப்பேட்டைப் பக்கம் முப்பது வருஷமா டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வெச்சிருந்தவர். பள்ளிக்கூட லீவுல நான் அங்கதான் கிடப்பேன். பட்டி பார்க்கிறது, வாட்டர் பேப்பர் தேய்க்கிறது, காம்பவுண்டு போடுறது எல்லாம் அங்க பார்த்ததுதான். இப்ப நான் உலோகவியல்ல ஆராய்ச்சி பண்றேன்னா அதுக்கு விதை அந்தத் தின்னர் வாசனைன்னு சொல்லலாம்.

வீடியோ கால்ல காட்டினேன்.

"மாமா, இந்தக் காந்தப் பை என் டேங்க்கை நாசம் பண்ணிடுச்சு மாமா."

"இன்னாடா மாப்ள, காந்தம் எங்கியாவது கீறுமா? பை அடியில துணிதானே தைச்சிருக்கான்? துணி எப்படிக் கீறும்? மண்ணுதான் கீறும். பையை இதுக்கு முன்னாடி எங்க வெச்ச?"

யோசிச்சேன். முந்தின நாள் எங்க டிபார்ட்மென்ட் ஒர்க்‌ஷாப்ல வெச்சிருந்தேன். தரையில. லேத் மெஷினுக்குப் பக்கத்துல.

நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள மாமா சிரிக்க ஆரம்பிச்சுட்டார். "காலேஜ்ல இரும்பைப் பத்தி இன்னாடா படிக்கிற நீ?"

பையைத் திருப்பிப் பார்த்தேன். காந்தம் இருக்கிற இடத்துல எல்லாம் பொடிப்பொடியா இரும்புத் தூள், தாடி மாதிரி நிக்குது. லேத்துல சீவின சுருள் ஒண்ணு, அரை விரல் நீளம், ஜம்முனு உட்கார்ந்திருக்கு. அதோடதான் 260 கிலோமீட்டர் போயிட்டு வந்திருக்கேன். ஆக, குற்றவாளி பையும் இல்ல, காந்தமும் இல்ல. இதை எழுதிக்கிட்டிருக்கிற இந்த மேதைதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்

இதுக்கப்புறம் ஒரு மாசம் இதைப் பத்தியே யோசிச்சேன் (தீசிஸ் எழுதாம இருக்க என்னவெல்லாம் வழி பாருங்க). வண்டி வெச்சிருக்கிற நண்பர்கள்ட்ட கேட்டா ரெண்டு கட்சியா நிக்கிறாங்க.

ஒண்ணு, "போர்த்து" கட்சி. அடியில துணி போடு, ரப்பர் ஷீட் போடு, மொத்த டேங்க்கையும் பிளாஸ்டிக்கால சுத்துன்னு சொல்றவங்க. இன்னொண்ணு, "அட போப்பா" கட்சி. பைக் ஓட்டத்தானே, கீறல் விழுந்தா அது வீரத் தழும்பு, துடைச்சுட்டுப் போய்க்கிட்டே இருன்னு சொல்றவங்க.

என் கருத்து: ரெண்டு பேரும் தப்பு. ஏன்னு சொல்றேன்.

போர்த்து கட்சியை முதல்ல எடுத்துக்குவோம். பைக்கு அடியில ஒரு மெத்துன்னு துணி போடணும்ங்கிறது கேட்க நல்லாத்தான் இருக்கு. நடக்கிறது என்ன? துணியோட இழைக்குள்ள தூசி போய் உட்காரும். வெளியே வராது. மேலேர்ந்து காந்தம் அழுத்தும், கீழே எஞ்சின் அதிரும். என் வண்டி ஒத்தை சிலிண்டர். 3,500 சுற்றுல ஒரு மணி நேரம் ஓட்டினா எஞ்சின் 2,10,000 தடவை சுத்துது. ஒவ்வொரு சுத்துக்கும் அந்தத் துணி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு முன்னும் பின்னும் நகருதுன்னு வெச்சுக்குங்க. மாமா பட்டறையில வாட்டர் பேப்பர் தேய்க்கிற பையனுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது சாப்பாட்டுக்குப் போவான்.

அந்தத் தூசி சாதாரணத் தூசியும் இல்ல. மண்ணுல இருக்கிற குவார்ட்ஸ், கடினத்துல மோஸ் அளவுகோல்ல 7. கண்ணாடியையே கீறும். நம்ம வண்டி பெயின்ட் மேல இருக்கிற தெளிவான லாக்கர் பூச்சு வெறும் நாற்பது, ஐம்பது மைக்ரான்தான், அதாவது தலைமுடியை விட மெல்லிசு. இந்த ஊர்ல பனிக்காலத்துல ரோட்டுல கல்லுப்பு கொட்டுவாங்க. அது செஷைர் பக்கம் வின்ஸ்ஃபோர்ட் மாதிரி சுரங்கங்கள்லேர்ந்து வெட்டி எடுக்கிற செம்மண் கலந்த உப்பு. நம்ம சமையல் உப்பு மாதிரி வெள்ளையா இருக்காது. அது சேறோட சேர்ந்து தெறிச்சு டேங்க் மேல காய்ஞ்சு கிடக்கும். இதுக்கும் மேல, காந்தத்துக்குன்னு ஒரு தனி ஆகாரம் இருக்கு: இரும்புத் தூள். எல்லா வண்டியோட பிரேக்கும் டிஸ்க்கைத் தேய்ச்சுத் தேய்ச்சு ரோட்டுல இரும்புப் பொடியைத் தூவிக்கிட்டேதான் போகுது. பையை பெட்ரோல் பங்க் தரையில ஒரு தடவை வெச்சா போதும், காந்தம் பந்தி போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுடும்.

துணியில இன்னொரு சிக்கல். காந்தத்தோட பிடி, தூரம் கூடக் கூட சரசரன்னு இறங்கும். நடுவுல தடிமனான டவலை வெச்சா பாதிப் பிடி போச்சு. பிடி குறைஞ்சா பை ஆடும். ஆடினா தேயும். காப்பாத்தறேன்னு போட்ட துணியே ஆட்டத்தைக் கூட்டுது பாருங்க! வேகமாப் போகும்போது காத்து பைக்கு அடியில நுழைஞ்சு தூக்கவும் செய்யும். அது பெயின்ட் பிரச்சினை இல்ல, உயிர்ப் பிரச்சினை. அதனாலதான் இந்தப் பைகள்ல ஹேண்டில் கழுத்தைச் சுத்திக் கட்ட ஒரு பாதுகாப்புப் பட்டை குடுத்திருப்பாங்க. பத்துல எட்டு பேர் கட்டுறதில்லன்னு என் கண்ணால பார்த்த கணக்கு (அந்த எட்டுல நானும் இருந்தேன்).

ரப்பர் ஷீட்? அது இன்னும் மோசம். மலிவான ரப்பரையும் மெத்துன்னு இருக்கிற பிளாஸ்டிக்கையும் வெயில்ல பெயின்ட் மேல நாள்கணக்கா ஒட்டி வெச்சா, அதுல இருக்கிற எண்ணெய்ப் பசை பெயின்ட்டுக்குள்ள இறங்கி நிழல் மாதிரி கறை விட்டுடும். தேய்ச்சாலும் போகாது. ஈரத்தையும் அடியில பூட்டி வெச்சுக்கும்.

இப்ப "அட போப்பா" கட்சி. இவங்க மேல எனக்கு மரியாதை உண்டு, ஏன்னா இவங்க வண்டியை நிஜமாவே ஓட்டுறவங்க. ஆனா பெயின்ட்ங்கிறது அழகுக்கு மட்டும்னு நினைக்கிறாங்களே, அங்கதான் தப்பு. பெயின்ட் இரும்போட தோல். லாக்கர் போய், கலர் போய், பிரைமர் போய், இரும்பு வெளியே தெரிஞ்சா, இந்த ஊர் ஈரமும் உப்பும் சேர்ந்து ஒரே பனிக்காலத்துல துரு பிடிக்க வெச்சுடும். அது பெட்ரோல் வெச்சிருக்கிற பாத்திரம்ங்க. தழும்பு வீரம்தான், புண்ணை ஆற விடாம சீழ் பிடிக்க வெக்கிறதுல என்ன வீரம்?

அப்ப என்னதான் பண்ணணும்?

நான் இப்ப செய்யுறது இதுதான். எல்லாமே மாமா சொன்னதும், நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதும்.

1. முதல்ல உங்க டேங்க் இரும்பான்னு பாருங்க. இப்ப வர்ற நிறைய வண்டிகள்ல மேலே தெரியுறது பிளாஸ்டிக் மூடி, சிலதுல டேங்க்கே அலுமினியம். காந்தம் நிக்காது. வீட்டு ஃபிரிட்ஜ் காந்தத்தை மெல்லிசான துணியில சுத்தி மெதுவா வெச்சுப் பாருங்க. இதுல ஒரு ரகசியமும் இருக்கு. பழைய வண்டி வாங்கும்போது மாமா இதே மாதிரி காந்தத்தை டேங்க் பூரா நகர்த்தி வெச்சு வெச்சுப் பார்ப்பார். ஒரு இடத்துல பிடி விட்டுப்போச்சுன்னா அங்க ஒடுக்கு எடுக்காம தடிமனா பட்டி போட்டு மறைச்சிருக்கான்னு அர்த்தம். அந்த இடத்துல பையும் சரியா நிக்காது.

2. பை வைக்கிறதுக்கு முன்னாடி டேங்க்கைக் கழுவுங்க. துடைக்காதீங்க, கழுவுங்க. காய்ஞ்ச தூசியைத் துணியால துடைக்கிறதும் கீறல்தான். வழியில இருந்தா ஒரு பாட்டில் தண்ணியை மேலேர்ந்து ஊத்தி மண்ணை இறக்கிட்டு, அப்புறம் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடுங்க.

3. பையோட அடியையும் பாருங்க. இதைத்தான் எல்லாரும் மறக்கிறோம். காந்தத்துல ஒட்டின இரும்புத் தூள் துடைச்சா போகாது, நகர்ந்து நகர்ந்து ஒட்டிக்கும். அகலமான ஒட்டு டேப்பை அழுத்தி ஒட்டிப் பிச்சு எடுங்க, அதோட வந்துடும்.

4. பையை மேலேர்ந்து நேரா இறக்கி வைங்க. எடுக்கும்போது மடிப்போட ஓரத்தைத் தூக்கிப் பிரிங்க. இழுக்காதீங்க, நகர்த்தாதீங்க. கொஞ்சம் கோணலா உட்கார்ந்துடுச்சா? தூக்கி மறுபடி வைங்க. பெரும்பாலான நீளக் கீறல் வண்டி ஓடும்போது விழுறதில்ல, அந்த "கொஞ்சூண்டு இப்படித் தள்ளிக்குவோம்"ல விழுது.

5. கழட்டின பையைத் தரையில வைக்காதீங்க. சீட்டு மேல வைங்க, தோள்ல மாட்டுங்க. ஒர்க்‌ஷாப் பக்கமே போகாதீங்க :-(

6. மழையில நனைஞ்சா ராத்திரி பையைக் கழட்டிடுங்க. ஈரத்தோட டேங்க் மேல தூங்க விடாதீங்க.

7. அடிக்கடி பை மாட்டுறவங்க, காந்தம் உட்கார்ற இடத்துக்கு மட்டும் பெயின்ட் பாதுகாப்பு பிலிம் ஒட்டிக்குங்க. கார் பம்பர்ல கல்லடி படாம இருக்க ஒட்டுறாங்களே, அந்தத் தெளிவான பாலியூரித்தேன் பிலிம். 150 முதல் 200 மைக்ரான் இருக்கும். அந்த மெல்லிசுல காந்தத்தோட பிடி பெருசாக் குறையாது. சுத்தமாக் கழுவி, சில சொட்டு பேபி ஷாம்பு கலந்த தண்ணி தெளிச்சு ஒட்டி, நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் தண்ணியைத் தள்ளணும். மூலைகளை வட்டமா வெட்டுங்க, இல்லன்னா அங்கேர்ந்து உரியும். வளைவுக்கு ஹேர் டிரையர். புதுசா பெயின்ட் அடிச்ச டேங்க்னா குறைஞ்சது ஒரு மாசம் காயவிட்டு ஒட்டுங்க. பிலிம் ஒட்டியாச்சுன்னு கழுவாம விட்டீங்கன்னா பிலிம்தான் தேயும். ஆனா பிலிமை மாத்தலாம், லாக்கரை மாத்த முடியாது.

இன்னொரு கொசுறு. காந்தப் பைக்குள்ள, காந்தத்தை ஒட்டி ஏ.டி.எம். கார்டு, ஹோட்டல் ரூம் சாவிக் கார்டு, முள்ளு வெச்ச கைக்கடிகாரம் வைக்காதீங்க. கார்டோட காந்தப் பட்டை அழிஞ்சுடும். நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்கிறவங்க பையை மார்போட அணைச்சுத் தூக்கக் கூடாது. பெயின்ட்டை விட அது முக்கியம்.

ஆக, ஏழுல ஆறு விஷயத்துக்குக் காசே வேண்டாம். ஒரு பாட்டில் தண்ணி, ஒரு துணி, அஞ்சு நிமிஷப் பொறுமை. நாம ஒரு பொருளைக் காப்பாத்தணும்னா உடனே இன்னொரு பொருள் வாங்கத்தான் ஓடுறோம். புது சோஃபாவுக்கு பிளாஸ்டிக் உறை, டி.வி. ரிமோட்டுக்கு பாலித்தீன் கவர், கார் சீட்டுல ஃபேக்டரி கவரைப் பிரிக்காம மூணு வருஷம்... நம்ம வீடுகள்ல பார்க்காததா? உறை போட்டுட்டா கடமை முடிஞ்சுதுன்னு நினைப்பு. அதுக்கப்புறம் அந்தப் பொருளை நாம பார்க்கிறதே இல்ல. பத்திரம்ங்கிறது உறையில இல்லீங்க, தினமும் கை படுறதுல இருக்கு. கழுவுறவன் கண்ணுலதான் முதல் கீறல் படும். போர்த்தி வெச்சவன் கண்ணுல துருதான் படும்.

"பை மாட்டாமலே இருந்துட்டா?"ன்னு ஒருத்தர் கேட்டார். இருக்கலாம். ஆனா எலான் பள்ளத்தாக்கு? கீறல் விழுந்துடும்னு வீட்டுல நிறுத்தி வெச்சிருந்தா அந்தத் தண்ணியை நான் குழாய்ல மட்டும்தான் பார்த்திருப்பேன். ஓட்டாத வண்டியைப் பத்திரமா வெச்சிருக்கிறதுல என்ன புண்ணியம்?

அந்தத் தங்கக் கோடு

கடைசி விஷயம். மங்கின இடத்தை நானே சரி பண்ணிட்டேன். மாமா சொன்ன சோதனை: நகத்தைக் குறுக்கே மெதுவா ஓட்டு, நகம் தட்டலைன்னா லாக்கர்லதான் கீறல், மெல்லிசான காம்பவுண்டு போட்டாப் போயிடும். நகம் மாட்டிக்கிச்சுன்னா கை வைக்காதே. ஆயிரம் சின்னக் கீறலும் ஒரு ஞாயித்துக்கிழமையில காணாமப் போச்சு.

அந்த நீளக் கீறல்ல நகம் மாட்டிக்கிச்சு. தங்கக் கோடு மேலயும் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். என் வண்டியில கோட்டோட விளிம்பு நகத்துக்குத் தட்டுது, அதாவது கோடு மேலாகவே நிக்குது. "அப்படின்னா அங்க காம்பவுண்டும் போடாத, பிலிமும் ஒட்டாத. என்னிக்காவது பிலிமை உரிச்சா கோடும் சேர்ந்து வந்துடும்."

இங்க ஒரு பெயின்டர்ட்ட காட்டினேன். மொத்த டேங்க்கையும் அடிச்சுத் தர்றேன், கோட்டுக்குப் பதிலா வினைல் டேப் ஒட்டிடலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாதுன்னார். நல்ல மனுஷன், நியாயமான விலைதான். மாமாட்ட சொன்னேன்.

"டேப்பா?" அவ்வளவுதான் கேட்டார். கொஞ்ச நேரம் பேசல.

அப்புறம், "டேங்க்கைக் கழட்டி சூட்கேஸ்ல போட்டு எடுத்தாயேன், நான் இழுத்துத் தர்றேன்"ன்னார். பெட்ரோல் ஊத்தின டேங்க்கை ஃபிளைட்ல ஏத்த மாட்டாங்க மாமான்னேன். சிரிச்சார். புதுப்பேட்டையில அடிபட்டு வர்ற புல்லட்டுக்கெல்லாம் அவர்தான் கோடு இழுப்பார். பின்னால வர்ற டீக்கடைப் பையன்கூட அசையாம நிப்பான். மூச்சை அடக்கி ஒரே இழுப்பு, நடுவுல நிறுத்தினா கோடு செத்துப்போச்சுன்னு சொல்வார்.

"எனக்கும் இப்ப கை நிக்கல மாப்ள. ரெண்டு வருஷமா நடுங்குது. அதான் பட்டறையைக் குடுத்துட்டேன். உங்கம்மாட்ட சொல்லிக்காத."

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. பட்டறையை வாடகை கட்டுப்படியாகாம குடுத்துட்டார்னுதான் வீட்டுல எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்கோம். (அம்மா இதைப் படிக்க மாட்டாங்க. படிக்கிற சொந்தக்காரங்க யாராவது இருந்தா, ப்ளீஸ்.)

டேங்க்கை அடிக்கலைன்னு முடிவு பண்ணிட்டேன். கீறலுக்குள்ள இரும்பு தெரியாம இருக்க, கோட்டைத் தொடாம ஊசி முனையால கறுப்பு டச்சப் மட்டும் வெச்சேன். கோட்டுல அந்த வெட்டு அப்படியே இருக்கு. பையை இப்ப அந்தக் கோட்டைத் தொடாத மாதிரி, மடிப்பைக் கொஞ்சம் உள்ளே தைச்சு சின்னதாக்கி வெச்சிருக்கேன். தைக்கிறதுக்கு மட்டும் தீசிஸ்ல ரெண்டு நாள் போச்சு. கைடு கேட்டா காந்தவியல் ஆராய்ச்சின்னு சொல்லிடுங்க.

ஒவ்வொரு தடவை பை வைக்கிறதுக்கு முன்னாடியும் தண்ணி ஊத்திக் கழுவும்போது, விரல் அந்தக் கோட்டு மேல தானா போகுது. ஒரு மூச்சுல இழுத்த கோடு. இழுத்தவர் யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா அவர் கை நடுங்காம இருக்கணும்னு தோணுது.

பி.கு: டிசம்பர்ல ஊருக்கு வர்றேன். மாமாவுக்கு என்ன வாங்கிட்டு வரலாம்னு சொல்லுங்க மக்களே. சாக்லேட் வேண்டாம், சுகர் இருக்கு.